நம்ம கோபுரம் பெட்டியில் வந்தால்...



"பொம்மைன்னா சின்னப் பசங்க சமாச்சாரம்" என்று நினைப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு பொம்மைக்காக உலகம் முழுக்கப் பெரியவர்கள் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள், கோபப்பட்டிருக்கிறார்கள், காசைக் கொட்டியிருக்கிறார்கள். அதுவும் நம் நாட்டுக் கட்டடம் ஒன்றின் பொம்மைக்காக! அந்தக் கதையையும், அந்தப் பொம்மை எங்கள் வீட்டுக்கு வந்தபோது நடந்ததையும் எழுதப் போகிறேன். பீங்கான் பொம்மை செய்யும் விருத்தாசலத்தில் பிறந்த நாம் இதைப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

லெகோ என்றால் என்ன?

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் 1932-இல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சேர்த்துத்தான் 'லெகோ' என்று பெயர் வைத்தார்கள். மேலே குமிழ், அடியில் குழாய் என்று ஒன்றோடு ஒன்று கவ்விக்கொள்ளும் இன்றைய பிளாஸ்டிக் கட்டைக்கு 1958 ஜனவரி 28-ஆம் தேதி காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்த வருடம் செய்த கட்டை இன்றைக்கு வாங்கும் கட்டையோடும் பொருந்தும். அவ்வளவு துல்லியம்!

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு தகவல். எட்டுக் குமிழ் உள்ள, ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 விதமாகச் சேர்க்கலாம். ஆறு கட்டை இருந்தால்? 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதம்! தலை சுத்துதா? எனக்கும் சுத்தியது.

தாஜ்மகால் வந்த கதை

2008-ஆம் ஆண்டு லெகோ நிறுவனம் தாஜ்மகாலைக் கட்டும் பெட்டி ஒன்றை வெளியிட்டது. மொத்தம் 5,922 துண்டுகள். அதுவரை வந்த லெகோ பெட்டிகளிலேயே அதிகத் துண்டுகள் கொண்டது இதுதான். கட்டி முடித்தால் அகலம் அரை மீட்டருக்கும் மேல்.

லெகோ ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? சிலர் பார்த்ததும் மயங்கிப் போனார்கள். சிலருக்குச் சலிப்பு. தாஜ்மகால் நான்கு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் அல்லவா? அதனால் ஒரு பக்கம் செய்த வேலையையே திரும்பத் திரும்ப நான்கு முறை செய்ய வேண்டும். ஒரு மினாரைக் கட்டி முடித்து "அப்பாடா" என்று நிமிர்ந்தால், இன்னும் மூன்று பாக்கி! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பொம்மையில் நான்கு முறை கட்டவே சலித்தால், 1632 வாக்கில் ஆக்ராவில் வேலையைத் தொடங்கி இருபது வருடம் போலக் கல் சுமந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்?

அப்புறம் கடையில் அந்தப் பெட்டி வருவது நின்றுபோனது. நின்றதும் விலை ஏறியது. பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தவர்கள் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். கட்ட ஆசைப்பட்டவர்களில் பலர் கையில் காசு இல்லாமல் படத்தை மட்டும் பார்த்து ஏங்கினார்கள்.

2017-இல் லெகோ அதே தாஜ்மகாலை மறுபடி வெளியிட்டது. இந்த முறை 5,923 துண்டு. ஒரே ஒரு துண்டு கூடுதல்! இப்போது ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். "இத்தனை வருஷம் காத்திருந்தேன், இப்பவாவது வாங்கலாம்" என்று ஒரு கட்சி. "நாங்கள் அதிக விலை கொடுத்து வாங்கி வைத்தது வீணாகிவிட்டதே" என்று இன்னொரு கட்சி.

இதை என் பாட்டியிடம் சொன்னேன். பாட்டி ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "பிரிக்காத பெட்டி என்னா பெட்டி? கொலு பொம்மையைப் பரண்லயே வெச்சிருந்தா நவராத்திரி வருமா?" பாட்டி எந்தக் கட்சி என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்த தாஜ்மகால்

2021-இல் லெகோ சின்ன அளவில் ஒரு தாஜ்மகாலை வெளியிட்டது. 2,022 துண்டு. உயரம் சுமார் 20 சென்டிமீட்டர்தான். வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 120 டாலராக இருந்தது. பெங்களூரில் வேலை செய்யும் என் பெரியம்மா மகன் அதை வாங்கிக் கட்டி வைத்திருந்தார். மாசி மகத்துக்கு ஊருக்கு வந்தபோது, புடவைத் துணியில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, ரயிலில் மடியிலேயே சுமந்துகொண்டு வந்து இறங்கினார்.

எங்கள் வீடு எப்படிப்பட்ட வீடு என்று சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும். என் அம்மா செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறார். கண் எழுதுவதுதான் அம்மாவின் வேலை. பிள்ளையார், கிருஷ்ணர், செட்டியார் என்று எல்லாருக்கும் அம்மாதான் கண் திறப்பார். கூலி பீஸ் கணக்கு. அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தா, அச்சு செய்கிறவர். நாற்பது வருடம் போல அந்த வேலை பார்த்தவர். இப்போது ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொரு கண் காத்திருக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டின் நடுக்கூடத்தில் அண்ணன் தாஜ்மகாலை வைத்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள்.

அம்மா விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். "ஏன் தம்பி, கோட்டையெல்லாம் அப்படியே விட்டுட்டாங்களே?" என்றார். அண்ணனுக்குப் புரியவில்லை. அம்மா விளக்கினார்: "அச்சுலேர்ந்து பொம்மை எடுத்ததும், ரெண்டு பாதி சேர்ந்த கோடு தெரியும். அதைக் கத்தியால சீவி, பஞ்சால துடைச்சாத்தான் பொம்மை. கோடு தெரிஞ்சா கடைக்காரர் வாங்க மாட்டாரு. இதுல ஒவ்வொரு கட்டைக்கும் கோடு தெரியுதே!"

அண்ணன் சிரித்தார். "இதுல அதுதான் சித்தி அழகு. கோடு தெரிஞ்சாத்தான் கட்டினது தெரியும்."

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் தாஜ்மகால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

தாத்தா வேறு மாதிரி. அவர் வெளியே பார்க்கவே இல்லை. "உள்ள என்னா வெச்சிருக்கான்?" என்றுதான் கேட்டார். அண்ணன் மேல்பகுதியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே மும்தாஜ், ஷாஜகான் இருவருக்கும் சமாதி இருந்தது. உண்மையான தாஜ்மகாலில் மேலே தெரிபவை அடையாளத்துக்கு வைத்தவை, அடக்கம் செய்த இடம் அதற்குக் கீழே இருக்கிறது. பொம்மையிலும் கீழே ஓர் அறை வைத்திருக்கிறார்கள்.

தாத்தா கண்ணைச் சுருக்கி, முகத்தை நெருக்கமாகக் கொண்டுபோய்ப் பார்த்தார். "இது நடுவுல இருக்கு, அது ஒதுங்கி இருக்கே?" என்றார். அதுதான் விஷயம்! மும்தாஜ் சமாதிதான் சரியாக நடுவில் இருக்கும். ஷாஜகான் பிறகு இறந்ததால் அவருடையது பக்கத்தில் வைக்கப்பட்டது. எல்லாமே இரண்டு பக்கமும் சமமாக உள்ள அந்தக் கட்டடத்தில் அது மட்டும்தான் சமம் இல்லாதது. தாத்தா தலையை ஆட்டினார். "இதைச் செஞ்சவன் இடத்தைப் பார்த்துட்டுத்தான் செஞ்சிருக்கான்" என்றார். தாத்தா வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம், நண்பர்களே.

கட்டையும் களிமண்ணும்

நம் பள்ளியில் பல பேர் வீட்டில் பீங்கான் வேலை உண்டு. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். களிமண்ணோடு வேறு சில கனிமப் பொடிகளையும் சேர்த்துத் தண்ணீர்விட்டுக் கூழாக்குவார்கள். அதை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க அச்சின் ஓரத்தில் மண் ஒட்டித் தோல் போலப் படியும். வேண்டிய கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவார்கள். அதனால்தான் நம் பொம்மை உள்ளே வெற்றிடமாக இருக்கிறது. அப்புறம் காய வைத்து, சீவி, சூளையில் சுட்டு எடுக்க வேண்டும்.

சூளையில் ஒரு விந்தை நடக்கும். பொம்மை சுருங்கும்! நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சுருங்கிவிடும். 22 சென்டிமீட்டர் பொம்மை வேண்டுமென்றால் 25 சென்டிமீட்டருக்குச் செய்ய வேண்டும். "சுருங்கப் போறதையும் சேர்த்து மனசுல பார்க்கத் தெரிஞ்சவன்தான் அச்சுக்காரன்" என்பார் தாத்தா.

லெகோ கட்டை சுருங்காது. ஆனால் அதற்கு வேறு சிக்கல். குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். எந்தக் கட்டடமாக இருந்தாலும் அந்த எட்டு மில்லிமீட்டர் கணக்குக்குள்தான் வர வேண்டும். வளைவு, பூவேலை, எழுத்து எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவர முடியாது. ஆக, மண்ணாக இருந்தாலும் கட்டையாக இருந்தாலும், பொம்மை செய்கிறவர் முன்னால் இருப்பது ஒரே கேள்விதான்: எதை விடுவது? எதை விடக் கூடாது?

ரசிகர்கள் போடும் சண்டையும் இதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. "இது விட்டுப்போச்சே" என்று யார் சொல்வார்கள்? அந்தக் கட்டடத்தை நன்றாகத் தெரிந்தவர்தான் சொல்வார். குறை சொல்கிறவரை விரோதியாகப் பார்க்கத் தேவையில்லை. அவர் நம்மைவிடக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

நம்ம கோபுரம் எப்ப வரும்?

அப்போதுதான் என் தம்பி கேட்டான்: "அண்ணா, நம்ம கோபுரம் இந்த மாதிரி எப்ப வரும்?"

அண்ணன் சொன்னார், லெகோவில் ஒரு வழி இருக்கிறதாம். யார் வேண்டுமானாலும் தன் மாதிரியைச் செய்து அனுப்பலாம். 10,000 பேர் ஆதரவு கொடுத்தால் நிறுவனம் அதை எடுத்துப் பரிசீலிக்கும். பரிசீலித்த எல்லாமும் வெளிவந்துவிடாது, ஆனால் சில வரும்.

"பத்தாயிரம் பேர்தானா? மாசி மகத்தன்னிக்கு மணிமுத்தாத்துல நின்னா ஒரு காலையில தீர்ந்துது!" என்றார் அம்மா. வீடே சிரித்தது.

ஆனால் எனக்கு அந்தக் கேள்வி மனதில் நின்றுவிட்டது. திங்கட்கிழமை வகுப்பில் கேட்டேன்: "நம்ம விருத்தகிரீஸ்வரர் கோயில் பெட்டியில் வந்தால், எதை விடக் கூடாது?" ஒரு வாரம் பார்த்தவர்களிடம் எல்லாம் கேட்டேன். வந்த பதில்கள் இதோ:

என் பெஞ்சுத் தோழி: "ஐந்தை விடக் கூடாது. நம்ம கோயில்ல எல்லாமே அஞ்சு. அஞ்சு கோபுரம், அஞ்சு பிரகாரம், அஞ்சு தீர்த்தம், அஞ்சு தேர். ஒரு கோபுரம் மட்டும் செஞ்சா அது நம்ம கோயிலே இல்ல."

கடைசி பெஞ்சு நண்பன்: "தேரடியில கடை போடுறவங்களை விடக் கூடாது. எங்கம்மா பூக்கடை அங்கதான் இருக்கு."

எங்கள் தமிழய்யா: "கோபுர வாசல்ல நுழையும்போது ரெண்டு பக்கச் சுவரையும் பார்த்திருக்கீங்களா? நாட்டியக் கரணச் சிற்பங்கள் இருக்கு. தஞ்சாவூர், கும்பகோணம், சிதம்பரம், திருவண்ணாமலை, நம்ம ஊர் என்று சில கோயில்கள்லதான் இப்படி வரிசையா இருக்கு. அதை விட்டா மன்னிக்க மாட்டேன்."

கணக்கு டீச்சர்: "நிலை ஏறஏற ஒவ்வொண்ணும் எவ்வளவு குறையுதுன்னு அளந்து செய்யணும். கண்ணளவுல செஞ்சா கோபுரம் கூம்பாயிடும்."

அண்ணன்: "மேல் நிலையெல்லாம் உண்மையிலேயே செங்கல்லும் சுதையும்தான். கனம் தாங்காதுன்னு அடியில மட்டும் கல்லு. அதனால கட்டையில கட்ட ரொம்பப் பொருத்தம்!"

தாத்தா: "ஆழத்துப் பிள்ளையாரை விடாதீங்க. அவரு படியிறங்கிப் போற பள்ளத்துல இருக்காரு. பொம்மையில பள்ளம் தோண்ட முடியாது. அப்ப என்னா பண்ணணும்? மத்த எல்லாத்தையும் தூக்கி வெக்கணும். அந்த தாஜ்மகால்காரன் கீழ்அறைக்கு அப்படித்தான் பண்ணியிருக்கான்."

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இந்தப் பதில்தான். ஒருவரைப் பள்ளத்தில் வைக்க வேண்டுமென்றால் ஊரையே உயர்த்த வேண்டும்!

கடைசியாக அம்மாவிடம் கேட்டேன். அம்மா அப்போது ஒரு தட்டு நிறையப் பொம்மை வைத்து, தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "வன்னி மரத்தை விடாதே."

வன்னி மரத்துக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். விபசித்து முனிவர் திருப்பணி செய்தபோது, வேலை செய்தவர்களுக்குக் கூலியாக வன்னி இலையைக் கொடுப்பாராம். அது அவரவர் உழைப்புக்குத் தக்க பொன்னாக மாறுமாம். நன்றாக உழைத்தவருக்கு அதிகம், சும்மா நின்றவருக்கு வெறும் இலை.

"கோயிலைக் கட்டினவங்களுக்கு என்னா கூலி குடுத்தாங்கன்னு கதை வெச்சிருக்கிற கோயிலு நம்ம கோயிலு. அதை விட்டுட்டு வெறும் கோபுரத்தைச் செஞ்சா போதுமா?" என்றார் அம்மா. பிறகு அடுத்த பொம்மையை எடுத்துக்கொண்டார். ஒரு கண், இரண்டு கண். அந்த பீஸ் முடிந்தது.

அதற்குப் பிறகு நான் வேறு யாரிடமும் கேட்கவில்லை.

தாத்தாவின் கடைசி அச்சு

லெகோ எப்போது வரும் என்று காத்திருப்பதைவிட, நம் ஊரில் நம் மண்ணிலேயே செய்தால் என்ன? தாத்தாவிடம் கேட்டேன்.

தாத்தா உடனே பதில் சொல்லவில்லை. கையை விரித்துப் பார்த்தார். இப்போது வேலைக்கு வருகிறவர்கள் அச்சில் ஊற்றக் கற்றுக்கொள்கிறார்களாம். ஆனால் அச்சுக்கு முன்னால் ஒரு முதல் பொம்மையைக் கையால் செதுக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளத் தன்னிடம் யாரும் வரவில்லை என்பது தாத்தாவின் நெடுநாள் கவலை. அச்சு எப்போதும் நிலைக்காது. ஊற்ற ஊற்றத் தேயும், பொம்மையின் மூக்கு மழுங்கும். அப்போது முதல் பொம்மையிலிருந்து மறுபடி அச்சு எடுக்க வேண்டும். செதுக்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால், மழுங்கிய பொம்மையிலிருந்தே அச்சு எடுப்பார்கள். அடுத்தது இன்னும் மழுங்கும்.

"எனக்குக் கண்ணு சரியில்ல பாப்பா. கை இன்னும் நடுங்கல. நீ பார்த்துட்டு வந்து சொல்றியா? நான் செதுக்குறேன்" என்றார்.

அன்றிலிருந்து சனிக்கிழமை சாயந்திரம் கோயிலுக்குப் போவது என் வேலை. கிழக்குக் கோபுரத்தின் எதிரில் உட்கார்ந்து கட்டுப் போட்ட நோட்டில் வரைகிறேன். ஏழு நிலை. ஒவ்வொரு நிலையின் நடுவிலும் வாசல் போலத் திறப்பு. மேலே போகப்போகத் திறப்பும் சிறுக்கிறது. எந்த இடத்தில் வெயில் விழுகிறது, எந்த இடத்தில் புறா உட்காருகிறது, எல்லாம் குறித்துக்கொண்டு வருகிறேன். தாத்தா கேட்கும் கேள்விகள் பொதுத்தேர்வைவிடக் கஷ்டம். "மூணாவது நிலை ஓரத்துல பொம்மை நிக்குதா, உக்காந்திருக்கா?" "ரெண்டு நிலைக்கு நடுவுல பட்டை எத்தனை?" பதில் தெரியாவிட்டால் அடுத்த சனிக்கிழமை மறுபடி போக வேண்டும்.

இதுவரை நான்கு நிலை செதுக்கியாகிவிட்டது. தாத்தா கத்தியைப் பிடித்திருக்கும்போது, பக்கத்தில் இன்னொரு உருண்டை மண்ணை என் கையில் கொடுத்திருக்கிறார். "நீயும் ஒரு நிலை செஞ்சு பாரு" என்றார். என் நிலை கோணலாகத்தான் வந்திருக்கிறது. தாத்தா அதை உடைக்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் காய வைத்திருக்கிறார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

நண்பர்களே, ஆசிரியர்களே! மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டுவோம் அல்லவா? அதேபோல இந்தச் சுவர் இதழின் கீழே ஒரு சாக்பீஸ் டப்பா கட்டியிருக்கிறேன். நம் கோபுரப் பொம்மையில் எதை விடக் கூடாது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போடுங்கள். திட்டினாலும் சரி, "இதெல்லாம் எதுக்கு" என்று கேட்டாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை. எழுதுவதற்கு முன்னால் ஒரு முறை கோயிலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து எழுத வேண்டும்.

இன்னும் மூன்று நிலை பாக்கி இருக்கிறது. சீட்டுகளைச் சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போய்த் தாத்தாவுக்குப் படித்துக் காட்டுவேன். சீக்கிரம் எழுதுங்கள். ஈர மண்ணில்தான் திருத்த முடியும்!

— பதினோராம் வகுப்பு மாணவி